குழந்தையின் முன்கை முறிந்தால்: சீக்கிரம் கூடும் எலும்பும் நாம் வீணாக்கும் நாட்களும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் கடலூர், பண்ருட்டிப் பக்கத்து மருத்துவமனைகளில் மாவுக்கட்டு அறைக்கு ஓய்வு கிடைப்பது அரிது. முந்திரி மரம் தாழ்வாகக் கிளை விடும் மரம். ஏழு வயதுப் பிள்ளைகூட யார் உதவியும் இல்லாமல் ஏறிவிடும், இறங்கும்போதுதான் வழுக்கும். புதுச்சேரித் தெருக்களில் என்றால் சைக்கிள், மாடிப்படி, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர். எங்கிருந்து விழுந்தாலும் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான்: கையை நீட்டித் தரையில் ஊன்றுகிறார்கள். உடலின் எடை முழுவதும் உள்ளங்கை வழியாக முன்கையின் இரண்டு எலும்புகளில் இறங்குகிறது. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. குழந்தைகளுக்கு ஏற்படும் எலும்பு முறிவுகளில் மிகவும் அதிகம் காணப்படுபவை இந்த முன்கை முறிவுகள்தான், அதிலும் மணிக்கட்டை ஒட்டிய பகுதியில்.

"சின்னப் பிள்ளை எலும்பு, தானாகக் கூடிவிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது உண்மை. ஆறு வயதுப் பிள்ளைக்கு மணிக்கட்டுப் பக்கத்து முறிவு நான்கு வாரங்களில் ஒட்டிவிடும். அப்பாவுக்கு ஆறு வாரமாவது ஆகும், முன்கையின் நடுவில் முறிந்திருந்தால் மூன்று மாதம்கூட இழுக்கும். ஆனால் இந்த உண்மையை வைத்துக்கொண்டு "அப்படியானால் அவசரம் இல்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். நடப்பது அதற்கு நேர் எதிர். சீக்கிரம் கூடும் எலும்பு, கோணலாக இருந்தாலும் சீக்கிரமே கூடிவிடும். பெரியவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்தும் இழுத்துச் சரிசெய்ய முடிகிற முறிவு, குழந்தைக்குப் பத்தாவது நாளிலேயே இறுகத் தொடங்கிவிடுகிறது. முன்கை முறிவில் பெற்றோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நாட்கணக்கைத் தவறாகப் போடுவதால் வருபவை.

விழுந்த உடனே

"விரலை ஆட்டுகிறான், அதனால் முறியவில்லை." இதை நம்பி இரண்டு நாள் காத்திருந்தவர்கள் ஏராளம். விரலை ஆட்டுவது தசையும் நரம்பும், எலும்பு முறிந்திருந்தாலும் விரல் ஆடும். குழந்தைகளின் எலும்பு பெரியவர்களுடையதைப் போல எப்போதும் இரண்டு துண்டாகிவிடுவதும் இல்லை. பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் பட்டை ஒட்டிக்கொண்டே இருக்குமே, அப்படி ஒரு பக்கம் மட்டும் முறியும். சிலருக்கு மணிக்கட்டுக்கு மேலே எலும்பின் ஒரு ஓரம் அமுங்கிப் புடைத்திருக்கும், அவ்வளவுதான். வெளியே கோணல் தெரியாது, வீக்கமும் லேசாகத்தான் இருக்கும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் தொட்டால் பிள்ளை கையை இழுத்துக்கொள்கிறதா, அந்தக் கையால் தட்டில் இருக்கும் சோற்றை எடுக்க மறுக்கிறதா என்று கவனியுங்கள். அந்த இரண்டில் ஒன்று இருந்தால் எக்ஸ்ரே எடுக்க அதுவே போதுமான காரணம்.

சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிடுவது அடுத்த தவறு. முறிந்த முனைகள் நகர்ந்து, ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்த எலும்பு முழுதாக விலகக்கூடும். முழங்கை மூட்டுக்கு அருகே அடிபட்டிருக்கும்போது உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு போலக் கெட்டியான படிவு உருவாகி, மூட்டு நிரந்தரமாக மடங்க மறுக்கும் ஆபத்தும் உண்டு.

வீட்டில் செய்யக்கூடியது எளிமையானது. கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில், ஓர் அட்டைப் பெட்டியின் பக்கத்தையோ சுருட்டிய செய்தித்தாளையோ அடியில் கொடுத்துத் துண்டால் தளர்வாகக் கட்டுங்கள். நிமிர்த்திப் பார்க்க வேண்டாம். கையில் இருக்கும் காப்பு, வளையல், மோதிரம், கோயிலில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் அப்போதே கழற்றிவிட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "சாமி கயிறு, அறுக்கக் கூடாது" என்று ஆயா தடுத்தால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் கை வீங்கிய பிறகு அந்தக் கயிறே ரத்த ஓட்டத்தை நெரிக்கும் சுருக்காகிவிடும்.

தோலில் சிறு துளை போல ஒரு காயம், அதிலிருந்து ரத்தம் கசிகிறது என்றால் உள்ளிருந்து எலும்பின் முனை குத்தி வெளியே வந்து திரும்பியிருக்கலாம். இது அன்றே, சில மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட வேண்டிய முறிவு. அதன் மேல் மஞ்சள்தூளோ காப்பித்தூளோ வைக்காமல் சுத்தமான துணியால் மூடி எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று, அன்பினால் நடக்கும் தவறு. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த வழியில் பரோட்டாவும் குளிர்பானமும் வாங்கிக் கொடுப்பார்கள். எலும்பை இழுத்து நேராக்க மயக்க மருந்து தேவைப்பட்டால், திட உணவு சாப்பிட்டு ஆறு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அந்த ஒரு பரோட்டாவால் சிகிச்சை நள்ளிரவுக்குத் தள்ளிப்போகும். மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல் இருப்பது நல்லது. வலிக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது.

கட்டுப்போடும் வைத்தியரிடம் போகலாமா

இதைப் பற்றிப் பேசாமல் நம் பகுதியில் முன்கை முறிவைப் பற்றி எழுதுவதில் பொருள் இல்லை. மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, இறுக்கிச் சுற்றிய துணி. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு ஊருக்கு ஊர் கட்டுப்போடும் இடங்கள் இருக்கின்றன. அங்கே போகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். செலவு குறைவு, காத்திருக்க வேண்டியதில்லை, அறுவை சிகிச்சை என்ற பயம் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அங்கேதான் சரியாயிற்று.

அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எப்படிச் சரியாயிற்று என்பதைத்தான் யோசிக்க வேண்டும். ஓரம் அமுங்கிய முறிவுகள் எந்தக் கட்டுப் போட்டாலும் கூடிவிடும். பிரிட்டனில் 965 குழந்தைகளிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மணிக்கட்டுக்கு மேலே இப்படி அமுங்கிய முறிவுக்கு வெறும் மென்மையான துணிக்கட்டுப் போட்டவர்களும் கெட்டியான கட்டுப் போட்டவர்களும் ஒரே அளவில்தான் குணமானார்கள் என்று காட்டியது. ஆக, இத்தகைய முறிவுகளில் கிடைக்கும் நல்ல பெயர் குழந்தையின் எலும்புக்கு உரியது, அதைக் கட்டியவர் வாங்கிக்கொள்கிறார். விலகிய முறிவோ, முழங்கை மூட்டும் சேர்ந்து நழுவிய முறிவோ வரும்போது எக்ஸ்ரே இல்லாமல் அதை உறுதியாக வேறுபடுத்துவது கடினம். கைவிரலால் தடவியே ஒவ்வொரு முறையும் தவறாமல் அதைக் கண்டுபிடிக்கும் திறமை யாருக்கும் கிடையாது, அனுபவமுள்ள எலும்பு மருத்துவருக்கும் கிடையாது.

அதைவிடப் பெரிய அபாயம் இறுக்கம். அடிபட்ட முன்கை முதல் இரண்டு நாள் உள்ளுக்குள் வீங்கிக்கொண்டே போகும். வெளியே இடம் கொடுக்காத கட்டு இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். ஆறு முதல் எட்டு மணி நேரம் அப்படியே இருந்தால் தசை இறக்கத் தொடங்கும். இறந்த தசை சுருங்கி, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போய்விடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மான் 1881-இலேயே இறுக்கமான கட்டுகளால் வரும் இந்த ஊனத்தை எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரில்தான் அது அறியப்படுகிறது. கோணலாகக் கூடிய எலும்பைப் பிறகு வெட்டி நேராக்க முடியும். இறந்துபோன தசையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, விலகாத சிறு முறிவு என்று தெரிந்தால் மருத்துவமனையிலேயே ஒரு சிறு பட்டைக் கட்டுப் போட்டு மூன்று வாரத்தில் கழற்றிவிடுவார்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர் என்று இந்த வட்டாரத்தில் அரசு மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. அதே சமயம், "ஜிப்மருக்குப் போனால்தான் சரி" என்று கடலூரைத் தாண்டி மேலும் சுமார் 25 கிலோமீட்டர் வலியோடு பிள்ளையைக் கொண்டுபோவதும் தேவையில்லை. எக்ஸ்ரேவும் எலும்பு மருத்துவரும் இருக்கும் பக்கத்து மருத்துவமனைக்கு முதலில் போங்கள். பெரிய இடம் தேவை என்றால் அவர்களே கட்டுப் போட்டு 108-இல் அனுப்புவார்கள்.

முழங்கையும் மணிக்கட்டும் தெரிகிற எக்ஸ்ரே

வலிக்கிற இடத்தை மட்டும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வருவது தவறு. முன்கையின் இரண்டு எலும்புகளும் இரு முனைகளிலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. அல்னா மட்டும் முறிந்து வளைந்திருந்தால், ரேடியஸின் தலை முழங்கை மூட்டிலிருந்து நழுவியிருக்க வாய்ப்பு உண்டு. மிலான் நகரத்து மருத்துவர் மான்டெஜியா இதை 1814-இல் விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல். கருவி இல்லாத காலத்தில் அவர் கண்டறிந்ததை, கருவி இருக்கும் காலத்தில் முழங்கையைப் படத்துக்குள் கொண்டுவராமல் தவறவிடுகிறோம். முதல் சில நாட்களில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் இழுத்துவிட்டே சரிசெய்துவிடலாம். மாதக்கணக்கில் கழித்துத் தெரிந்தால் அல்னாவை வெட்டிச் செய்யும் பெரிய அறுவை சிகிச்சை, அப்போதும் முழு அசைவு திரும்பும் என்ற உறுதி இல்லை. படத்தில் முழங்கையும் மணிக்கட்டும் தெரிகின்றனவா என்று நீங்களே பார்த்துக் கேட்கலாம். எந்த நல்ல மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கதிர்வீச்சுக்குப் பயந்து எக்ஸ்ரேவைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு முன்கை எக்ஸ்ரேவில் படும் கதிர்வீச்சு, ஒரு நாளில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம் மேல் படுவதைவிடக் குறைவு. எக்ஸ்ரேவைக் கைப்பேசியில் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பி ஆளுக்கொரு கருத்துக் கேட்பதும் வேண்டாம். மணிக்கட்டு அருகே எலும்பின் குறுக்கே தெரியும் கறுப்புக் கோட்டைப் பார்த்து "முறிவு" என்று யாராவது பயமுறுத்துவார்கள். அது எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் இருப்பது. அதே தட்டில் அடிபட்டிருந்தால் முதல் எக்ஸ்ரேவில் எதுவும் தெரியாமலும் போகலாம். அதனால்தான் படம் நன்றாக இருந்தும், அழுத்தினால் வலிக்கிறது என்பதற்காகவே சில குழந்தைகளுக்குக் கட்டுப் போடுகிறார்கள்.

கட்டுப் போட்ட முதல் இரண்டு நாள்

மருத்துவமனைக் கட்டும் இறுகலாம். கட்டுப் போட்டதும் பெற்றோருக்கு வரும் நிம்மதி, கவனம் குறையும் நேரமாகிவிடுகிறது. முதல் 48 மணி நேரம் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் இரண்டு தலையணை மேல். கழுத்தில் மாட்டும் தொட்டில் தாழ்வாகத் தொங்கினால் வீக்கம் விரலில் இறங்கிவிடும்.

இரவில் ஒரு முறை எழுந்து பாருங்கள். கட்டுக்கு வெளியே தெரியும் விரலின் நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக நீட்டுங்கள். முறிந்த கையில் எப்படியும் வலி இருக்கும், ஆனால் விரலை நீட்டினால் மட்டும் பிள்ளை அலறுகிறது என்றால் அது வேறு வலி. மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போவது, பிள்ளை நிலைகொள்ளாமல் தவிப்பது, மீண்டும் மீண்டும் மருந்து கேட்டு அழுவது, விரல் மரத்துப்போவது, வெளுப்பது ஆகிய எதைக் கண்டாலும் மணி இரண்டானாலும் கிளம்பிவிடுங்கள். விரல் சூடாகவே இருக்கிறது, நாடி துடிக்கிறது என்று சமாதானம் அடைய வேண்டாம், நாடி துடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே தசை மூச்சுத் திணறலாம். மருத்துவமனையில் முதலில் செய்வது, கட்டையும் அதன் கீழே உள்ள பஞ்சையும் தோல் தெரியும்வரை நீளவாக்கில் பிளந்துவிடுவதுதான். பல குழந்தைகளுக்கு அதிலேயே அழுகை நின்றுவிடும். "காலையில் புறநோயாளிப் பிரிவு திறக்கட்டும்" என்று காத்திருப்பதுதான் கையை இழக்க வைப்பது.

கட்டுக்குள் அரிப்பு எடுத்தால் ஸ்கேல், குச்சி, பின்னல் ஊசி எதையும் விடக்கூடாது. நம் கடற்கரைக் காற்றின் புழுக்கத்தில் அரிப்பு நிச்சயம் வரும். உள்ளே ஏற்படும் கீறல் சீழ் பிடித்தால் கட்டைப் பிரிக்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது. மேலே தட்டிக் கொடுப்பதும், மின்விசிறிக்கு அருகே உட்கார வைப்பதும் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பள்ளிப் பையில் ஒரு பிளாஸ்டிக் பை எப்போதும் இருக்கட்டும். நனைந்த மாவுக்கட்டு இளகிப் பிடியை விட்டுவிடும். ஃபைபர் கட்டு நனைந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பதும் தவறு, மேலே உள்ள ஓடு தாங்கும், உள்ளே உள்ள பஞ்சு ஈரத்தை வைத்துக்கொண்டு தோலைப் புண்ணாக்கும். கட்டோடு சில்வர் பீச்சுக்குப் போகலாம், அலையில் கால் நனைக்கக்கூட வேண்டாம், ஒரு அலை தள்ளினால் ஊன்றுவது அந்தக் கைதான்.

ஏழாவது நாள்

முன்கை முறிவில் மிகவும் பரவலான, மிகவும் நஷ்டம் தருகிற தவறு எது என்று என்னைக் கேட்டால், ஒரு வாரம் கழித்து எக்ஸ்ரேவுக்கு வராமல் இருப்பது என்றுதான் சொல்வேன். இழுத்து நேராக்கிய எலும்பு கட்டுக்குள்ளேயே மறுபடி நகரும். வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்கிறது, தசை இழுக்கிறது, எலும்பு பழைய கோணலுக்குத் திரும்புகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளைக்கு வலியும் இருக்காது, ஓடி விளையாடும். "வலியே இல்லையே, எதற்கு ஒரு நாள் கூலியை இழந்து போக வேண்டும்" என்று தோன்றும். அந்தக் கூலியின் அருமை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஏழாவது நாள் வாக்கில் ஒன்று, பதினான்காவது நாள் வாக்கில் ஒன்று என்று இரண்டு எக்ஸ்ரேக்கள் கட்டாயம். அந்த இடைவெளியில் நகர்ந்தது தெரிந்தால் மீண்டும் இழுத்துச் சரிசெய்யலாம். வளர்ச்சித் தட்டில் முறிந்த குழந்தைக்கு அந்த அவகாசமும் குறைவு. ஏழு முதல் பத்து நாளுக்குப் பிறகு அதைப் பிடித்து இழுத்தால் தட்டே சேதமாகும் என்பதால் மருத்துவர்கள் தொட மாட்டார்கள். நான்காவது வாரம் வந்து "ஏன் வளைந்திருக்கிறது?" என்று கேட்கும் பெற்றோரிடம் சொல்வதற்கு எளிய பதில் எதுவும் இருக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எக்ஸ்ரேவில் சிறு வளைவு தெரிந்ததும் பதறிப்போய் அறுவை சிகிச்சை செய்யச் சொல்லி வற்புறுத்துவதும் நடக்கிறது. ரேடியஸ் தன் நீளத்தில் முக்கால் பங்கு மணிக்கட்டு முனையில்தான் வளர்கிறது. அதனால் மணிக்கட்டுக்கு அருகே, பத்து வயதுக்குள், 20 டிகிரி வளைவு இருந்தாலும் வளர வளர நேராகிவிடும். நடுத்தண்டில் அவ்வளவு தாராளம் இல்லை, 15 டிகிரி வரை என்று வைத்துக்கொள்வார்கள். எலும்பு முறுக்கிக்கொண்டு கூடியிருந்தால் மட்டும் எந்த வயதிலும் அது தானாகத் திரும்பாது, உள்ளங்கையை முழுதாக மேல்நோக்கித் திருப்பிச் சில்லறை வாங்க முடியாத கையாகிவிடும். பதினான்கு வயதுப் பையனுக்கு வளர்ச்சி கொஞ்சம்தான் மிச்சம், அவனுக்கு ஐந்து வயதுத் தம்பிக்குச் சொன்ன கணக்குப் பொருந்தாது.

அறுவை சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்கு இன்று பெரும்பாலும் வளையும் டைட்டானியக் கம்பிகள் போடுகிறார்கள். பிரான்சின் நான்சி நகர மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. முறிந்த இடத்தைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளை வழியாக எலும்பின் உள்ளே கம்பி போகும். மணிக்கட்டுப் பக்கத்து முறிவென்றால் மெல்லிய கம்பி ஒன்றிரண்டு, நான்கு வாரத்தில் உருவிவிடுவார்கள். "இரும்பு போட்டால் கை வளராது" என்ற பயம் வேண்டாம், வளர்ச்சித் தட்டைக் கூடியவரை தவிர்த்துத்தான் அந்தக் கம்பிகளை நுழைக்கிறார்கள். செலவுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்து அலையாமல் முதல் நாளே கையோடு எடுத்து வாருங்கள்.

கட்டுப் பிரித்த பிறகு

மாவுக்கட்டை வீட்டிலேயே தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் பிள்ளை அறுக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்கு அழும் என்பதால். அந்த இயந்திரத்தின் தகடு சுழலுவதில்லை, இடமும் வலமும் அதிர்கிறது. கெட்டியான கட்டை அறுக்கும், அசைந்து கொடுக்கும் தோலை லேசில் அறுக்காது. எக்ஸ்ரேவில் எலும்பு கூடியது தெரியாமல் பிரித்தால் இரண்டு வாரத்தில் மறுபடி கட்டோடு உட்கார வேண்டியிருக்கும்.

பிரித்த கை மெலிந்திருக்கும், தோல் உரியும், ரோமம் அடர்த்தியாகத் தெரியும், முறிந்த இடத்தில் மேடு தட்டுப்படும். இவை எல்லாம் போகப்போகச் சரியாகும். மூட்டு இறுகியிருப்பதைப் பார்த்து யாரிடமாவது அழைத்துப்போய் வலுக்கட்டாயமாக மடக்கி நீட்டச் சொல்லாதீர்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தனிப் பயிற்சியே தேவைப்படாது, சாப்பிடுவதும் சட்டைப் பொத்தான் போடுவதுமே பயிற்சி. ஆட்டுக்கால் சூப் தாராளமாகக் கொடுங்கள், அதனால் எலும்பு ஒரு நாள்கூட முன்னதாகக் கூடாது என்பதை மட்டும் தெரிந்து கொடுங்கள். பால், கேழ்வரகு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, வெயில் எல்லாம் முறிவு இல்லாத பிள்ளைக்கும் வேண்டியவையே. புளிப்பு ஆகாது, மீன் ஆகாது என்று பத்தியம் வைப்பதில் பயன் இல்லை.

நடுத்தண்டில் முறிந்த எலும்பு அடுத்த ஆறு மாதத்துக்குள் அதே இடத்தில் மறுபடி முறிவது அரிதல்ல. கட்டுப் பிரித்த அன்றே சைக்கிளைக் கொடுக்காதீர்கள். மரம் ஏறுவது, கபடி, ஸ்கேட்டிங் எல்லாம் ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவது பிள்ளைக்கும் உதவி, ஆசிரியருக்கும் உதவி.

வளர்ச்சித் தட்டில் அடிபட்ட குழந்தைகள் மட்டும் எலும்பு கூடிய பிறகும் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் மறுபடி எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டு பாதியிலேயே மூடிக்கொண்டால் ஒரு எலும்பு வளர, மற்றது நின்றுவிடும். மணிக்கட்டு மெல்ல ஒரு பக்கமாகச் சாயும். அல்னாவின் மணிக்கட்டு முனையில் அடிபட்டவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே படங்களையும் மருத்துவமனைச் சீட்டையும் மடிக்காமல் ஓர் உறையில் போட்டு, அந்த ஓராண்டு வரை பத்திரமாக வைத்திருங்கள். அடுத்து யார் பார்த்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.